குறுக்கிணைத்த பல்சர்க்கரை ஹைட்ரோஜெல்கள்: ஆக்கமும் அளவையும்

தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உள்வாங்கியும் அந்நீரில் கரைந்துபோகாமல் உருவம் காத்து நிற்கும் பலபடி வலைப்பின்னலே ஹைட்ரோஜெல் எனப்படுகிறது. சர்க்கரை அலகுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தொடர்ந்து கோத்து உண்டாகும் நீள்சங்கிலிகள் பல்சர்க்கரைகள். மாவுப்பொருளும் செல்லுலோஸும் அவற்றுள் எல்லோரும் அறிந்தவை. ஹைட்ரோஜெல்லுக்குப் பயன்படும் பல்சர்க்கரைச் சங்கிலிகள் நீரை நாடுபவை என்பதால், அவற்றைத் தனித்து விட்டால் நீரில் பரவிப் பாகாகிவிடும். ஒரு சங்கிலியை அடுத்த சங்கிலியோடு ஆங்காங்கே முடிச்சிட்டுவிட்டால், நீர் உள்ளே புகுந்து வலையை விரிக்க முயலும்போது முடிச்சுகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. இந்த முடிச்சுகளே குறுக்கிணைப்புகள். விரிக்கும் விசையும் இழுக்கும் விசையும் சமமாகும் இடத்தில் களி, அதாவது ஹைட்ரோஜெல், நிலைகொள்கிறது.

முடிச்சிடும் வழிகள் கடந்த அறுபது ஆண்டுகளில் பெருகிய அளவுக்கு முடிச்சுகளை எண்ணும் வழிகள் பெருகவில்லை. ஒரு களியில் கன சென்டிமீட்டருக்கு எத்தனை குறுக்கிணைப்புகள் உள்ளன என்பதை நேராகக் காட்டும் பொதுவான கருவி எதுவும் கிடையாது. எவ்வளவு வீங்குகிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு பெரிய மூலக்கூறை ஊடே விடுகிறது என்ற விளைவுகளைக் கொண்டு, ஏதேனும் ஒரு கோட்பாட்டின் துணையோடு பின்னோக்கிக் கணிப்பதே நடைமுறை. ஆதலால் களியின் இயல்பென்று அட்டவணையில் ஏறும் எண்களில் ஒரு பங்கு களியைச் சேர்ந்தது. மறுபங்கு அதை ஆக்கிய விதத்தையும் அளந்த விதத்தையும் சேர்ந்தது. ஆக்கத்தையும் அளவையையும் தனித்தனி இயல்களாக எழுதுவது பாடநூல் மரபு. இத்துறையைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை பல குழப்பங்களுக்கு மூலமாக இருந்துவருகிறது.

வேறுபாடு மூலப்பொருளிலேயே தொடங்கிவிடுகிறது. செயற்கைப் பலபடியை ஆலையில் வேண்டிய நீளத்துக்கு ஏறத்தாழ வளர்த்துக்கொள்ள முடியும். பல்சர்க்கரையோ கடலிலும் காட்டிலும் விளைந்து வருவது. பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட்டை ஸ்காட்லாந்தில் கடற்பாசிகளை ஆராய்ந்த வேதியியலர் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்டு 1881-இல் அறிவித்தார். மானுரோனிக் அமிலம், குலூரோனிக் அமிலம் என்னும் இரண்டு சர்க்கரை அமிலங்கள் மாறிமாறியும் தொகுதி தொகுதியாகவும் அமைந்த சங்கிலி அது. இரண்டுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே. ஒரே ஒரு கார்பன் அணுவைச் சுற்றியுள்ள திசையமைப்பு மட்டும் மாறுகிறது. ஆனால் களியாகும் திறனை முடிவுசெய்வது அந்த மாற்றந்தான். குலூரோனிக் தொகுதிகள் மிகுந்த ஆல்ஜினேட் விறைப்பான, எளிதில் நொறுங்கும் களியைத் தரும். மானுரோனிக் மிகுந்தது மென்மையான, வளைந்துகொடுக்கும் களியைத் தரும். வட அட்லாண்டிக் கடலின் லாமினேரியா ஹைப்பர்போரியா பாசியின் தண்டில் குலூரோனிக் பங்கு மிக அதிகம். அதே பாசியின் இலையில் குறைவு.

மன்னார் வளைகுடாவை ஒட்டிய ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட் ஆலைகளுக்கும், மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் ஆலைகளுக்கும் நெடுங்காலமாகச் சென்றுகொண்டிருக்கின்றன. பறித்த பருவம், பாசியின் முதிர்ச்சி, உலர்த்திய முறை ஆகியவற்றைப் பொறுத்து அவற்றின் களித்திறன் மாறுவதை வாங்குவோரும் விற்போரும் அறிவர். பாக் நீரிணைப் பகுதியில் 2000-களின் தொடக்கத்திலிருந்து மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்பட்டுவரும் கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசி கப்பா-காராஜீனன் என்ற மற்றொரு பல்சர்க்கரைக்கு ஊற்று. அது பொட்டாசியம் அயனியோடு சேர்ந்து உறுதியான களியாகிறது. இவ்வாறு கரையேறும் பாசியிலிருந்து எடுத்த பல்சர்க்கரையின் மூலக்கூறு எடையையும் தொகுதி விகிதத்தையும் குறிப்பிடாமல், வேதிப்பொருள் கடைக்காரரின் பெயரையும் ‘சோடியம் ஆல்ஜினேட்’ என்ற இரு சொற்களையும் மட்டும் எழுதிவிட்டு மேலே செல்லும் ஆய்வுரையை வேறொருவர் திருப்பிச் செய்து பார்ப்பது அரிது.

கைட்டோசான் இந்த வகையில் இன்னும் கூடுதலான எச்சரிக்கையைக் கோருகிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து அமிலத்தால் சுண்ணாம்புப் பொருளையும் காரத்தால் புரதத்தையும் நீக்கிய பின் எஞ்சும் கைட்டினை, அடர்ந்த சூடான காரத்தில் இட்டு அதன் அசெட்டைல் தொகுதிகளைக் கழற்றினால் கைட்டோசான் கிடைக்கிறது. எவ்வளவு விழுக்காடு கழன்றது என்பதே அதன் அசெட்டைல் நீக்க அளவு. கழன்ற இடத்தில் வெளிப்படும் அமீன் தொகுதிகள்தாம் பின்னர் முடிச்சிடும் இடங்கள். அவை மின்னேற்றம் பெறுவதும் இழப்பதும் பி.எச். 6.5-ஐ ஒட்டிய எல்லையில் நிகழ்வதால், கைட்டோசான் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரையும். உடலின் நடுநிலைப் பி.எச்.-இல் வீழ்படிவாகும். புளியங்கொட்டைப் பருப்பிலிருந்து கிடைக்கும் சைலோகுளுக்கன் வேறொரு வகை. அதன் பக்கக்கிளைகளிலுள்ள காலக்டோஸ் அலகுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நொதியால் கத்தரித்துவிட்டால், புற முடிச்சு எதுவும் இல்லாமலே உடல் வெப்பத்தை ஒட்டிக் களியாகும் தன்மையை அது பெறுகிறது. நெசவுக்குக் கஞ்சிப்பசையாக மட்டும் அறியப்பட்ட பொருளுக்கு இது எதிர்பாராத இரண்டாம் வாழ்வு.

முடிச்சுகளை இயற்பிய முடிச்சுகள், வேதி முடிச்சுகள் என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஹைட்ரஜன் பிணைப்பு, அயனிக் கவர்ச்சி, சங்கிலிகள் முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றால் ஆனவை இயற்பிய முடிச்சுகள், அவை அவிழக்கூடியவை. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பால் ஆனவை வேதி முடிச்சுகள். அவற்றை உடைத்தால்தான் பிரியும். அகர் இயற்பிய வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கொதிநீரில் கரைந்த அகரோஸ் சங்கிலிகள் ஆறும்போது திருகுசுருள்களாக இணைந்து, அச்சுருள்கள் கற்றையாகிக் களியாகின்றன. ஏறத்தாழ 35 டிகிரியில் உறையும் அக்களி 85 டிகிரியை நெருங்கினால்தான் உருகும். இந்த இடைவெளிதான் நுண்ணுயிரியலுக்கு வாய்த்த நற்பேறு: உடல் வெப்பத்தில் உருகிவிடும் ஜெலட்டினுக்கு மாற்றாக அகரைப் பயன்படுத்தலாம் என்று ஃபேனி ஹெஸ்ஸே கூறிய யோசனையை ராபர்ட் காக்கின் ஆய்வகம் 1880-களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது.

அயனி முடிச்சுகளில் மிக விரிவாக ஆராயப்பட்டது கால்சியம் ஆல்ஜினேட். 1973-இல் கிராண்ட், மோரிஸ், ரீஸ், ஸ்மித், தாம் ஆகியோர் முன்வைத்த ‘முட்டைப்பெட்டி’ மாதிரியின்படி, எதிரெதிரே அமைந்த இரண்டு சங்கிலிகளின் குலூரோனிக் தொகுதிகளுக்கு இடையே உண்டாகும் குழிகளில் கால்சியம் அயனிகள் வரிசையாக அமர்ந்து இரு சங்கிலிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒரே ஓர் அயனியின் பிடி வலுவற்றது. அடுத்தடுத்துப் பல அயனிகள் அமர்ந்தால்தான் முடிச்சு நிலைக்கிறது. பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிடிக்க, மக்னீசியமோ ஏறக்குறையப் பிடிப்பதேயில்லை. மாதிரி எளியது, நெடுங்காலம் நிலைத்தது. நுணுக்கங்களில் திருத்தங்கள் வந்திருப்பினும், எந்த ஆல்ஜினேட் எப்படிப்பட்ட களியாகும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றும் அதுவே முதல் துணை.

ஆனால் முடிச்சு இடப்படும் வேகம் என்னும் கேள்வி மாதிரிக்குள் அடங்காதது. ஆல்ஜினேட் கரைசலை ஊசிவழியாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால், சொட்டு நீரைத் தொட்ட கணமே புறத்தோல் களியாகிவிடுகிறது. கால்சியம் அந்தத் தோலைக் கடந்து மெல்ல உள்ளே ஊடுருவுகிறது. இதனிடையே, உள்ளிருக்கும் கட்டுறாத சங்கிலிகள் களியாகும் முனையை நோக்கி வெளிப்புறமாக நகர்கின்றன. முடிவில் உருண்டையின் ஓரத்தில் ஆல்ஜினேட் அடர்ந்தும் நடுவில் தேய்ந்தும் போகிறது. அப்படிப்பட்ட உருண்டைக்கு ‘ஆல்ஜினேட் 2 விழுக்காடு’ என்று பெயரிடுவது சராசரியை மட்டுமே சொல்வதாகும். கால்சியம் கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு குறையும். இன்னும் சீரான களி வேண்டுமானால், கரையாத கால்சியம் கார்பனேட் தூளை ஆல்ஜினேட்டில் பரப்பி, குளுக்கோனோ-டெல்டா-லாக்டோன் என்னும் பொருளைச் சேர்ப்பது நல்ல வழி. லாக்டோன் நீரில் மெல்ல அமிலமாகி, அந்த அமிலம் கார்பனேட்டைக் கரைத்துக் கால்சியத்தை எங்கும் ஒரே சீராக விடுவிக்கிறது. கார்பனேட் ஒரு மோலுக்கு லாக்டோன் இரண்டு மோல் என்று அளந்து இட்டால் பி.எச். நடுநிலையை ஒட்டி நிற்கும். ஒரே பாசி, ஒரே செறிவு, ஒரே கால்சியம். ஆயினும் இரு முறைகளிலும் கிடைப்பவை இரு வேறு பொருள்கள்.

வேதி முடிச்சுகளின் தொழில்வரலாறு டெக்ஸ்ட்ரானோடு தொடங்குவதாகக் கொள்ளலாம். ஸ்வீடனின் உப்சாலாவில் ஜெர்கர் போராத்தும் பெர் ஃப்ளோடினும், நுண்ணுயிர்கள் ஆக்கும் டெக்ஸ்ட்ரானை எபிகுளோரோஹைட்ரினால் முடிச்சிட்ட களியைக் கொண்டு மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்க முடியும் என்று 1959-இல் வெளியிட்டனர். செஃபடெக்ஸ் என்ற பெயரில் ஃபார்மேசியா நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜி-25, ஜி-100 என்று அதன் வகைகளுக்கு இட்ட எண்களில் ஒரு செய்தி பொதிந்திருக்கிறது: ஒரு கிராம் உலர்பொடி எத்தனை மில்லிலிட்டர் நீரை ஏற்கிறது என்பதன் பத்து மடங்கே அந்த எண். ஜி-25 ஏற்பது 2.5 மில்லிலிட்டர், முடிச்சு குறைந்த ஜி-100 ஏற்பது 10 மில்லிலிட்டர். ஏறத்தாழ 5,000 டால்டனுக்கு மேற்பட்ட புரதங்கள் ஜி-25-இன் வலைக்குள் நுழையமாட்டா. முடிச்சிட்ட வினைபொருளின் அளவைச் சொல்லாமல், முடிச்சின் விளைவை அளந்து பெயராகவே வைத்த அந்த முடிவு இன்றைய பல ஆய்வேடுகளைவிட நேர்மையானது.

அதன்பின் வந்த வேதி வழிகள் பல. குளூட்டரால்டிஹைடு கைட்டோசானின் அமீன்களைச் சில நிமிடங்களில் பிணைத்துவிடும். ஆனால் வினைபுரியாது எஞ்சுவது உயிரணுக்களுக்கு நஞ்சு. கார்டீனியா கனியிலிருந்து பெறப்படும் ஜெனிப்பின் நஞ்சு குறைந்தது, மணிக்கணக்கில் மெல்ல வேலைசெய்யும், களியைக் கருநீலமாக்கிவிடும். பெர்அயோடேட்டால் சர்க்கரை வளையத்தை இரண்டு கார்பன்களுக்கு இடையே பிளந்தால் ஆல்டிஹைடுகள் தோன்றும். அவற்றை அமீனுள்ள மற்றொரு சங்கிலியோடு கலந்தால் ஷிஃப் காரப் பிணைப்பு உண்டாகி, புற வினைபொருள் எதுவும் இன்றியே களியாகும். ஊசியில் ஏற்றி உடலுக்குள் உறையவைக்க இது ஏற்றது. ஆயினும் வளையத்தைப் பிளக்கும் அதே வினை சங்கிலியையும் அறுத்துக் குட்டையாக்கிவிடுவதால், ஆல்டிஹைடு கூடக்கூடக் களி வலுக்கும் என்ற எதிர்பார்ப்பு ஓரெல்லைக்குப் பின் பொய்க்கிறது. கார்போடைஇமைடு, கார்பாக்சிலையும் அமீனையும் நேராகச் சேர்த்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். மெத்தாக்ரிலேட் தொகுதிகளைச் சங்கிலியில் ஒட்டி, ஒளிதொடக்கி கலந்து, புற ஊதா அல்லது ஊதா ஒளியைப் பாய்ச்சும் முறை முப்பரிமாண அச்சுக்கு உதவுகிறது. ஆனால் காற்றின் ஆக்சிஜன் அவ்வினையைத் தடுப்பதால் மேற்பரப்பு பிசுபிசுப்பாக நிற்பதும், தடித்த மாதிரியின் அடியில் ஒளி மங்கிப்போவதும் அதன் குறைகள்.

இவ்வழிகள் அனைத்துக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. இட்ட வினைபொருள் முழுதும் முடிச்சாவதில்லை. இரு கைகள் கொண்ட ஓர் இணைப்பான் மூலக்கூறு, ஒரு கையால் சங்கிலியைப் பற்றிய பின் மறுகையை நீரோடு வினைபுரியவிட்டு வெறுமனே தொங்கலாம்; அதே சங்கிலியின் அண்டைப் பகுதியைப் பற்றிப் பயனற்ற வளையமாகலாம்; இரு வேறு சங்கிலிகளைப் பற்றினால்தான் அது மெய்யான முடிச்சு. முகச் சுருக்கங்களை நிரப்ப ஊசியாக இடப்படும் ஹையலூரோனிக் அமிலக் களிகளில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 டிசம்பரில் ஒப்புதல் அளித்த ரெஸ்டிலேன் அவ்வகையில் முன்னோடி. பியூட்டேன்டையால் டைகிளிசிடைல் ஈதர் கொண்டு ஆக்கப்படும் இக்களிகளில் கணிசமான பங்கு இணைப்பான்கள் ஒரு கை மட்டும் பற்றித் தொங்குபவையே. ஆகவே மாற்றமுற்ற அளவு வேறு, முடிச்சான அளவு வேறு. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முன்னதை எளிதில் எண்ணித் தரும். பின்னதைத் தனியே பிரித்தறிய, களியை நொதியால் செரித்துத் துண்டுகளை ஆராய வேண்டியிருக்கிறது. ஆய்வுரைகளின் வரைபடங்களில் கிடையச்சில் ‘குறுக்கிணைப்பு’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் கலத்தில் இட்ட வினைபொருளின் அளவுதான்.

உண்மையில் எவ்வளவு பிணைந்தது என்பதற்கு எளிய முதற்சோதனை களிப் பின்னம். உலர்த்தி எடைபோட்ட களியை மிகுநீரில் ஊறவைத்துக் கழுவி, மீண்டும் உலர்த்தி எடைபோட்டால், பிணையாத சங்கிலிகள் வெளியேறிய பின் எஞ்சியது தெரியவரும். கழுவாத களியில் அளந்த எல்லா எண்களிலும் இந்தப் பிணையாத பகுதியின் செல்வாக்கு கலந்திருக்கும். அமீன்கள் எவ்வளவு செலவாயின என்பதை நின்ஹைட்ரின் நிறச்சோதனை காட்டும். அகச்சிவப்பு நிறமாலையை மட்டும் நம்பி ஷிஃப் காரம் உண்டானதாக முடிவுகட்டுவது ஆபத்தானது. அப்பிணைப்பின் உச்சி தோன்றும் 1,640 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய இடத்திலேயே நீரின் உச்சியும் அமைடு உச்சியும் தோன்றுகின்றன.

வீக்க அளவீடு பார்வைக்கு மிக எளியது: ஊறிய எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்து, உலர்ந்த எடையால் வகுத்தால் வீக்க விகிதம். அந்த எளிமைக்குள் ஒளிந்திருக்கும் பிழைகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. 8 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு களிவில்லையின் எடை ஏறத்தாழ 100 மில்லிகிராம். மேற்பரப்பு சுமார் 150 சதுர மில்லிமீட்டர். வடிதாளால் ஒற்றியெடுத்த பின்னும் 0.05 மில்லிமீட்டர் தடிப்பில் நீர்ப்படலம் ஒட்டியிருந்தால் அதுவே 7.5 மில்லிகிராம். களியில் திடப்பொருள் 2 விழுக்காடு எனில் உலர்ந்த எடை 2 மில்லிகிராம்தான், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் அங்கே 5 விழுக்காடு ஐயம் எழுகிறது. இவற்றைவிடப் பெரிது உப்பு. பாஸ்பேட் தாங்கல் கரைசலில் ஊறிய வில்லைக்குள் லிட்டருக்குப் பத்து கிராம் வீதம் உப்பு இருப்பதால், அதை அப்படியே உலர்த்தினால் 1 மில்லிகிராம் உப்பும் சேர்ந்து 3 மில்லிகிராமாக நிற்கும். உண்மையான 49 என்ற வீக்க விகிதம் 32 என்று பதிவாகும். காய்ச்சிய நீரில் உப்பைக் கழுவி நீக்கிய பின் உலர்த்துவதோ, தொடக்கத்திலேயே உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்வதோ இதற்கு மாற்று.

கால்சியம் ஆல்ஜினேட்டைப் பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பதில் வேறொரு கேடும் உண்டு. பாஸ்பேட் கால்சியத்தைப் பற்றி இழுக்க, சோடியம் அதன் இடத்தில் புக, முடிச்சுகள் தாமே அவிழத் தொடங்குகின்றன. சிட்ரேட் கரைசலில் களி முழுவதும் கரைந்தே போகும். உள்ளே பொதிந்த உயிரணுக்களை மீட்டெடுக்க அது திட்டமிட்டே பயன்படுத்தப்படுகிறது. எனவே அத்தகைய சோதனையில் அளக்கப்படுவது வீக்கமா, சிதைவா என்று கேட்டாக வேண்டும்.

மின்னேற்றம் கொண்ட சங்கிலிகளில் நீரின் தரமே முடிவைத் தீர்மானிக்கிறது. சங்கிலியோடு ஒட்டிய கார்பாக்சிலேட்டுகள் தமக்கு ஈடான எதிர் அயனிகளை வலைக்குள் நிறுத்திவைப்பதால் உள்ளே சவ்வூடு பரவல் அழுத்தம் எழுந்து நீரை இழுக்கிறது. வெளிநீரிலும் உப்பு இருந்தால் அந்த வேறுபாடு சரிந்து, வீக்கம் பன்மடங்கு குறைகிறது; இருகை கொண்ட கால்சியம் இருந்தாலோ இன்னும் மோசம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகத்தில் மாவுப்பொருளில் ஒட்டுச்சங்கிலிகள் வளர்த்து ஆக்கப்பட்ட ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ தொடங்கி, புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல் வரை, மண்ணில் ஈரம் காக்கும் களிகளைப் பற்றிச் சொல்லப்படும் நூற்றுக்கணக்கான மடங்கு என்ற எண்கள் தூயநீருக்கு உரியவை. உவர்ப்பும் கடினத்தன்மையும் உள்ள கிணற்றுநீர் பாயும் நிலத்தில் அவற்றை அப்படியே எதிர்பார்ப்பதற்கில்லை.

வீக்கத்திலிருந்து குறுக்கிணைப்புச் செறிவைக் கணிக்க இன்றும் பயன்படுவது பால் ஃப்ளோரியும் ஜான் ரேனரும் 1943-இல் தந்த சமன்பாடு. அது ரப்பருக்காக எழுதப்பட்டது. நெகிழ்ந்து சுருளும், மின்னேற்றமற்ற சங்கிலிகளை எண்ணி வகுக்கப்பட்டது. பல்சர்க்கரைகளோ விறைத்தவை, பெரும்பாலும் மின்னேற்றம் கொண்டவை. ஆல்ஜினேட்டில் முடிச்சு புள்ளியாகவும் அமைவதில்லை, நீண்ட பட்டையாக அமைகிறது. மேலும் அச்சமன்பாட்டில் சங்கிலிக்கும் நீருக்கும் உள்ள உறவைக் குறிக்கும் மாறிலி ஒன்றை வேறெங்கிருந்தோ எடுத்து இட வேண்டும். அதில் ஏற்படும் சிறு மாற்றம் விடையைப் பெரிதும் புரட்டிவிடும். இவ்வாறு கிடைக்கும் கண்ணியகலத்தை, அதாவது முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையிலான தொலைவை, ஒப்பீட்டுக்கு மட்டும் கொள்வதே தக்கது.

விறைப்பிலிருந்தும் கண்ணியகலத்தைக் கணிக்கலாம். வெப்ப ஆற்றலைச் சறுக்குப்பெயர்ச்சிக் குணகத்தால் வகுத்துக் கனமூலம் கண்டால் தோராயமான விடை வரும்: அறை வெப்பத்தில் 1 கிலோபாஸ்கல் குணகமுள்ள களிக்கு 16 நானோமீட்டர், 8 கிலோபாஸ்கலுக்கு 8 நானோமீட்டர். குணகம் எட்டு மடங்கு ஏறினால்தான் கண்ணி பாதியாகும் என்பதை நோக்கினால், மருந்தின் கசிவைக் கட்டுப்படுத்த முடிச்சுகளைக் கூட்டிக்கொண்டே போகும் உத்தி ஏன் விரைவில் களைத்துவிடுகிறது என்பது விளங்கும். இக்குணகத்தை அளக்கும் கருவி ரியோமீட்டர். இரு தட்டுகளுக்கு இடையே களியை வைத்து மெல்ல முன்னும் பின்னும் திருகி, மீண்டெழும் பங்கைச் சேமிப்புக் குணகமாகவும் வெப்பமாக வீணாகும் பங்கை இழப்புக் குணகமாகவும் அது தருகிறது. இரண்டும் சமமாகும் கணத்தைக் களியாகும் நேரம் என்று குறிப்பது பரவலான வழக்கம். அந்தக் கணம் திருகும் அதிர்வெண்ணைப் பொறுத்து நகரக்கூடியது. இரண்டின் விகிதம் எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக நிற்கும் கணமே களிப்புள்ளி என்று 1986-இல் வின்டரும் ஷாம்போனும் காட்டிய அளவுகோல் உறுதியானது. நீர் கசியும் களி வழவழப்பான தட்டில் வழுக்கினால் குணகம் பொய்யாகக் குறையும். ஓரம் காய்ந்தால் பொய்யாகக் கூடும். சொரசொரப்பான தட்டும் ஓரத்தில் தடவிய எண்ணெயும் இவ்விரண்டுக்கும் எளிய மருந்து.

அழுத்திப் பார்க்கும் சோதனையில் காலம் இன்னும் நுட்பமாக விளையாடுகிறது. களியை அழுத்தும்போது எதிர்ப்பது வலை மட்டுமன்று, வெளியேற வழிதேடும் நீருங்கூட. நீர் வெளியேற எடுக்கும் காலம் மாதிரியின் அளவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்வதால், 1 மில்லிமீட்டர் மாதிரியைவிட 10 மில்லிமீட்டர் மாதிரிக்கு நூறு மடங்கு காலம் தேவை. ஒரே வேகத்தில் அழுத்தினாலும் சிறியதும் பெரியதும் வேறு வேறு எண்களைத் தருவது இதனால்தான். அயனி முடிச்சுகளுள்ள களியில், முடிச்சுகளே அவிழ்ந்து வேறிடத்தில் மீண்டும் கட்டுப்படுவதாலும் தகைவு தளர்கிறது. இது மாதிரியின் அளவைச் சார்ந்ததன்று. அளவை மாற்றிச் சோதித்தால் இரு தளர்வுகளையும் பிரித்தறியலாம். இந்தப் பிரிப்பு வெறும் இயற்பியல் நுணுக்கமாக நின்றுவிடவில்லை. தொடக்க விறைப்பு ஒன்றாகவும் தளரும் வேகம் வேறாகவும் அமைத்த ஆல்ஜினேட் களிகளில், வேகமாகத் தளர்பவற்றில் குருத்தணுக்கள் பரவி எலும்பணுக்களாக மாறும் போக்கு மிகுவதை ஓவிஜித் சவுத்ரியும் டேவிட் மூனியும் அவர்தம் குழுவினரும் 2016-இல் காட்டினர். விறைப்பு ஒன்றே உயிரணுவின் போக்கை நடத்துகிறது என்ற முந்தைய கருத்தை அது விரிவாக்கியது. ஆல்ஜினேட்டின் அவிழும் முடிச்சுகளையும் பாலிஅக்ரிலமைடின் அவிழாத முடிச்சுகளையும் ஒரே களியில் பின்னி, தன் நீளத்தைப்போல இருபது மடங்குக்கு மேல் நீளும் களியைச் சிகாங் சுவோவின் குழுவினர் 2012-இல் ஆக்கியதும் இதே இயல்பைப் பயன்படுத்தித்தான்: இழுக்கும்போது கால்சிய முடிச்சுகள் அவிழ்ந்து ஆற்றலை உறிஞ்ச, வேதி முடிச்சுகள் உருவத்தைக் காக்கின்றன.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாத ஹைட்ரோஜெல் ஆய்வுரை இன்று அரிது. அப்படங்கள் கணிசமான அளவுக்குத் தவறான பொருளில் வாசிக்கப்படுகின்றன. களியை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்திப் படமெடுத்தால் பத்து முதல் சில நூறு மைக்ரோமீட்டர் அகலமான துளைகள் அழகாகத் தெரியும். உறையும்போது வளர்ந்த பனிப்படிகங்கள் சங்கிலிகளை ஒதுக்கித் தள்ளி விட்டுச்சென்ற இடங்களே அவை. மெல்ல உறையவைத்தால் துளை பெரிதாகும், விரைந்து உறையவைத்தால் சிறிதாகும். ஈரக் களியில் கண்ணி நானோமீட்டர் கணக்கில் இருக்கையில், அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட பனித்துளையைக் காட்டி, முடிச்சு கூடியதால் துளை சுருங்கியது என்று வாதிடுவதற்கு அடிப்படை இல்லை. உலர்ந்த பஞ்சாகவே பயன்படும் காயக்கட்டுகளுக்கு அப்படம் பொருத்தமானதே. ஈரக் களிக்கோ, அளவு தெரிந்த ஒளிரும் டெக்ஸ்ட்ரான்களை ஊடுபரவவிட்டு எது நுழைகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பதே நம்பத்தக்கது. செஃபடெக்ஸ் காலத்து அளவை அதுவே.

மருந்துக் கசிவுச் சோதனையில் வழக்கமாகக் கையாளப்படுவது கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் அடுக்குவிதி. கசிந்த பின்னம் காலத்தின் எந்த அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்பதைக் கொண்டு, மருந்து ஊடுபரவலால் வருகிறதா, வலை தளர்வதால் வருகிறதா என்று அது கணிக்கிறது. முதல் 60 விழுக்காடு கசிவு வரைதான் அவ்விதி செல்லும்; தட்டைப் படலத்துக்கு 0.5 என்றால் உருண்டைக்கு 0.43 என்று ஊடுபரவலின் அடுக்கெண்ணும் வடிவத்தோடு மாறும். வடிவத்தைக் கருதாமல் 0.5-ஐ எல்லைக்கோடாக வைத்து முடிவு சொல்வது அடிக்கடி காணும் பிழை.

உயிரணுச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 10993-5 தரவிதி வழிகாட்டுகிறது; உயிர்ப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் நச்சுத்தன்மைக்கு வாய்ப்புண்டு என்பது அதன் அளவுகோல். நிறமாற்றத்தைக் கொண்டு உயிர்ப்பை அளக்கும்போது, சாயத்தை உறிஞ்சும் களியும் தானே நீலமாக இருக்கும் ஜெனிப்பின் களியும் விடையைக் கலைக்கும் என்பதால், உயிரணு இல்லாத வெறுங்களியையும் உடன்வைத்து அளக்க வேண்டும். இயற்கைப் பல்சர்க்கரைகளில் ஒட்டிவரும் பாலிஃபீனால்களும் நுண்ணுயிர் அகநச்சுகளும் இன்னொரு கவலை. ஆல்ஜினேட் உடலில் அழற்சி உண்டாக்குவதாக வந்த முடிவுகளில் ஒரு பகுதி, பல்சர்க்கரையைவிட அதில் கலந்திருந்த மாசுக்கே உரியது என்று பின்னர் தெரியவந்தது. சிதைவுச் சோதனையிலும் பொருளறிந்த தேர்வு வேண்டும்: ஹையலூரோனிக் அமிலத்தைக் கரைக்கும் நொதி மனித உடலில் உண்டு, ஆல்ஜினேட்டைக் கரைக்கும் நொதி இல்லை. ஆல்ஜினேட் களி கால்சியத்தை இழந்து தளர்ந்து, நீண்ட சங்கிலிகள் அப்படியே திசுவில் தங்கக்கூடும் என்பதாலேயே, நீராற்பகுப்புக்கு இடம் தரும் வகையில் அதைச் சிறிதளவு ஆக்சிஜனேற்றம் செய்து பயன்படுத்தும் வழி உருவானது.

எஞ்சியிருப்பது கிருமிநீக்கம். 121 டிகிரி நீராவியும், வழக்கமான 25 கிலோகிரே காமாக் கதிர்வீச்சும் பல்சர்க்கரைச் சங்கிலிகளை அறுப்பவை, முன்கரைசலை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தலாம் என்றால், 2 விழுக்காடு ஆல்ஜினேட்டின் பாகுநிலை எளிதில் இடம் தருவதில்லை. எத்திலீன் ஆக்சைடு வாயுவோ எச்சத்தை விட்டுச் செல்லும். நீர்த்த கரைசலாக வடிகட்டி, உறையவைத்து உலர்த்தி, தூய அறையில் மீண்டும் கரைத்துக்கொள்வது ஆய்வகங்களில் ஓரளவு நிலைபெற்ற வழி; ஆலை அளவில் அது செலவு மிக்கது. எந்த வழியைத் தேர்ந்தாலும் சங்கிலி நீளமும், அதனோடு களியாகும் நேரமும் விறைப்பும் வீக்கமும் மாறும். ஆகவே நோயாளியின் உடலுக்குச் செல்லவிருக்கும் களியின் குணகத்தையும் வீக்க விகிதத்தையும் கிருமிநீக்கத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என இரு பத்திகளாகப் பதிவிட்டு, மருந்துக் கசிவுக்கும் உயிரணுச் சோதனைக்கும் இரண்டாம் பத்தியின் களியையே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.